பன்னிரண்டு ரசீதுகள்

"பன்னெண்டுலயும் கையெழுத்துப் போடு. நாளைக்கு ஆபீஸ்ல காட்டலன்னா சம்பளத்துல வரி புடிச்சுடுவாங்க."

சாந்திகுமார் ரசீதுகளை மேசைமேல் எறிந்தான். மனைவி சுனந்தா பேனாவைத் தொடவில்லை.

"எங்கம்மா கண் ஆபரேஷனுக்கு இருபதாயிரம் கேட்டேனே?"

"வரிய மிச்சம் புடிக்க நாயா அலையறேன். உங்கம்மாவுக்கு அள்ளிக் குடுக்கவா?"

"அப்ப வாங்காத காசுக்குப் பொய்க் கையெழுத்து போட மாட்டேன்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேங்கிக்கால் தெருவில் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"என் வீட்ல உக்காந்துக்கினு எனக்கே நியாயம் பேசறியா? வெளிய போடி!"

சுனந்தா விறுவிறுவென்று உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணி எடுக்கிறாள், போகட்டும் என்று நினைத்தான்.

அவள் ஒரு பத்திரத்தோடு வந்தாள்.

"வரிக்காகப் போன வருஷம் நீங்களே எழுதிக் கொண்டாந்தது. படிங்க."

'வீட்டு உரிமையாளர்: சுனந்தா. வாடகைக்கு இருப்பவர்: சாந்திகுமார். மாத வாடகை ரூபாய் இருபதாயிரம்.'

அவன் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான்.

"எங்கப்பா எனக்கு எழுதி வெச்ச வீடுங்க இது. ஒரு மாச வாடகையாவது என் கைக்கு வந்துச்சா? பன்னெண்டு மாசத்துக்கும் எண்ணி வைங்க, ரசீது தரேன். இல்லன்னா, வெளிய போங்க!"