கணினி அடங்கிய மதியம்

குணசிங் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷால் சுரண்டி எடுத்தார்.

மனைவி எப்சிபா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். கட்டியோடு குரலும் போயிற்று. மிஞ்சியது காற்று கலந்த ஒரு முணுமுணுப்பு. கத்திப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குணசிங்குக்கு வீட்டிலேயே வேலை. கல்யாண ஆல்பம் வடிவமைப்பது. காலையில் போட்டால் கணினி மாவு மில் மாதிரி இரையும். அவள் கூப்பிடுவது ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

நேற்று சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கடைசியில் வந்து தோளைத் தொட்டாள்.

"பக்கத்து ரூம்ல இருக்க உங்களுக்கே கேக்கல. நாப்பது பிள்ளைங்களுக்கு எப்படிங்க கேக்கும்?"

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திரும்ப வேண்டும். மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள்.

இன்று காலையிலேயே கணினிக் கடைக்குப் போய் வந்திருந்தார். கடைக்காரர் சொன்னார்:

"குணசிங் அண்ணாச்சி, சின்ன ஃபேன் வேகமாச் சுத்துது, அதான் கத்துது. பெருசு போடுங்க. மெதுவாச் சுத்தும், சத்தம் வராது."

பெரிதாகப் போட்டார். கரகரத்துக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்கையும் மாற்றினார். அதிர்வு அடங்க அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார்.

பொத்தானை அழுத்தினார்.

ஓடுகிறதா என்று தகட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

விருப்ப ஓய்வுக் கடிதம். டைப் அடித்துக் கொடுக்க.

இருபத்திரண்டு வருடம் நான்கு வரியில் முடிந்திருந்தது.

அடிக்கத் தொடங்கினார்.

இரண்டாவது வரியில் கை நின்றது.

சமையலறையிலிருந்து ஏதோ கேட்டது.

"அஜிஷா."

இடைவெளி.

"இசக்கிராஜா."

இடைவெளி.

வருகைப் பதிவு எடுக்கிறாள். பதிவேடு இல்லாமல், மனப்பாடமாக.

கரகரப்பான, மெலிந்த குரல். ஆனால் ஒவ்வொரு பெயரும் முழுதாக வந்து சேர்ந்தது.

எத்தனை நாளாக இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஜெபஸ்டின்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"உள்ளேன் டீச்சர்."

சமையலறை அப்படியே நின்றுபோனது.

அவர் எழுந்து போகவில்லை. காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்து, தயங்கி, முன்னைவிடச் சற்று மெதுவாக,

"சுடலைமணி."