ஐந்தரை மணி பஸ்

படத்தில் முக்கியமான கட்டம் வரும் நேரம் பார்த்து, பாப்பாயி எழுந்து வெளியே போய்விட்டாள்.

புருஷன் சேகரன் கதை வசனம் எழுதிய முதல் படம். மைசூரில் முதல் நாள், முதல் ஷோ. சரஸ்வதிபுரத்தில் அவர்கள் குடியிருக்கும் தெருவே திரண்டு வந்திருந்தது. குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் கதையை எழுதிவிட்டாரே என்று, இடைவேளையில் ஆளாளுக்கு அவர் கையைக் குலுக்கினார்கள்.

"புருஷன் படத்துக்கே எந்திரிச்சுப் போறா, என்ன திமிர் பாரு!" என்றது பின்வரிசை.

சேகரன் கோபித்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு இளகின மனசு சார். அழுகை சீன் தாங்க மாட்டா" என்று டைரக்டரிடம் சிரித்தார்.

எதிர்வீட்டு கௌரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கொள்ளேகால்காரி, வாய் சும்மா இருக்காது. அந்த சீனைப் பாதி பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போனாள்.

சைக்கிள் ஸ்டாண்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள் பாப்பாயி.

"ஏன் பாப்பாயி, உள்ள எல்லாரும் மூக்கைச் சிந்திட்டிருக்காங்க, நீ இங்க காத்து வாங்கறியா? படத்துல ஹீரோவோட மாமனாருக்கு முடியலேன்னு எதிர்வீட்டுக்கு போன் வருது. ஹீரோ ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுட்டு, 'கெளம்பு, அஞ்சரை பஸ்ஸைப் பிடிச்சிரலாம்'னு பொண்டாட்டி கையைப் பிடிச்சுட்டு ஓடறான்! இரக்கம் இல்லாதவருக்கு இப்படி எழுத வருமா?"

பாப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கௌரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அய்யோ ஷிவனே! உங்கப்பா ஞாபகமா? போன வருஷம் உங்க ஊரு மார்டள்ளியில இருந்து எங்க வீட்டுக்குத்தானே போன் வந்துச்சு. மூணு மணிக்கே ஓடி வந்து சொன்னேனே. பஸ் கிடைக்காம, மறுநாள் பொணத்தைத்தானே பாத்தே, பாவம்."

"பஸ் இருந்துச்சுங்கக்கா."

"என்னது?"

"அதே அஞ்சரை பஸ். இவரு லீவு போட்டுட்டு எழுதிட்டிருந்தாரு. 'இது ஒண்ணு முடிஞ்சிரட்டும், காலையில போலாம்'னாரு. நான் மட்டும் போறேன்னு பையை எடுத்தேன். 'நீ போயிட்டா எனக்குக் காப்பி யாரு போட்டுக் குடுப்பா'ன்னாரு. நானும் பையை வெச்சுட்டுக் காப்பி போட்டேன். எங்கப்பா கடைசி வரைக்கும், 'பாப்பாயி வந்துட்டாளா'ன்னு கேட்டுட்டே இருந்தாராம்."

"அப்புறம் ஏன்டி எல்லார்கிட்டயும் பஸ் கிடைக்கலேன்னு சொன்னே?"

"புருஷனை நாலு பேர் ஏசுவாங்கன்னுதான். பொறந்த வீட்டுல என்னைத்தான் ஏசினாங்க. எங்கண்ணன் இன்னைக்கும் எங்கூடப் பேசறதில்லைங்கக்கா."

கௌரம்மா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெத்தவன் சாகக் கெடக்கான். அதைவிட அவசரமா அப்படி என்னத்தை எழுதிக் கிழிச்சாரு?"

உள்ளே தியேட்டரே அதிர்ந்தது. படத்தில் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பாப்பாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ கை தட்டறாங்களே, கேக்குதுங்களா? அதைத்தான்."