சாய்ந்த இடம்

ஊர் சின்னதுதான், ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்து டவுன்ஹால் ஒன்று இருந்தது. அதன் வளைவு ஜன்னலுக்குப் பக்கத்தில், பெஞ்சுக்கு மேலே, சுவரில் ஒரு தலையளவுக்கு எண்ணெய்க் கறை. சாயங்காலங்களில் ரேடியோ கேட்க வந்து அங்கே சாய்ந்து உட்கார்ந்தவருடைய தலையெண்ணெய் அது. அவர் கப்பலுக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. கடிதம் நின்று பத்தொன்பது. ஹாலைப் பெருக்கும் தங்கபுஷ்பம் அவர் மனைவி. எந்த மந்திரி வருகைக்கு வெள்ளையடித்தாலும் பத்து நாளில் கறை மேலே வந்துவிடும். கறை வந்த அன்று அவள் சீக்கிரம் வீட்டுக்குப் போக மாட்டாள்.

இந்த முறை பழமை மாறாமல் புதுப்பிக்கிறோம் என்று வந்தார்கள். பூச்சைச் செங்கல் வரை கொத்தியெடுத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்ட சுண்ணாம்பு பூசி, முட்டை வெள்ளைக்கரு தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பத்து நாள் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. சுவரில் கறை வரவில்லை, அவள் முகம்தான் தெரிந்தது.

சாரம் பிரித்த அன்று கொத்தனார் சுடலைமுத்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவுகளும் ஒங்க உசரந்தான், அண்ணாச்சி," என்றாள். "நீங்க தலைக்கு எண்ணெ தேய்ப்பியளா?"