அறுபது டிகிரி

"அறுபதா!" என்று பல்லைக் கடித்தாள் மார்னி.

வீட்டுச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் இருந்த பழைய தெர்மோஸ்டாட்டின் வட்டத் திருகு அறுபது ஃபாரன்ஹீட்டில் நின்றது; செல்சியஸில் வெறும் பதினைந்து. வெளியே டுலூத் நகரமே பனியில் விறைத்துக் கிடந்தது. உள்ளே அம்மா ஆர்டிஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். போன வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியும் மருந்துமாக அல்லாடிய உடம்பு. குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வீடு கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருந்தது. அடுப்பில் வேகும் ஹாட்டிஷ் என்ற இறைச்சிப் பண்டத்தின் உபயம் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் அப்பாவின் வேலை. அதில் மார்னிக்குச் சந்தேகமே இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே, வெர்லின் அந்தத் திருகுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும், "எவ இதுல கை வச்சது?" என்று வீடு அதிரும். அந்த ஊர் அப்பாக்கள் எல்லோருமே இந்த விஷயத்தில் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் சீக்காளி மனைவியிடமுமா? என்ன மனுஷனோ!

காலையில் புது தெர்மோஸ்டாட்டைப் பெட்டியோடு நீட்டியபோது அவர் குதித்த குதி இருக்கிறதே!

"அதெல்லாம் வேணாம். பழசே நல்லாத்தான் ஓடுது."

"அப்பா, இது ஸ்மார்ட். மினியாபொலிஸ்ல என் வீட்ல உக்காந்துக்கிட்டே என் போன்ல சூட்டை ஏத்திடுவேன். வீட்டுக்குள்ள எத்தனை டிகிரின்னு கொட்டை எழுத்துல காட்டும்."

"காட்டுமா? அப்ப சுத்தமா வேணாம். அந்தச் சுவத்துப் பக்கம் போனே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

இப்போது அவர் பக்கத்து வீட்டு வாசலில் பனி தள்ளப் போயிருந்தார். இதுதான் சமயம்.

மார்னி காரேஜுக்குப் போய் ஹீட்டருக்கு வரும் கரண்டை நிறுத்தினாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒயரின் நிறத்தை நம்பாதே, அது மாட்டியிருக்கிற எழுத்தைப் பார், கழற்றும் முன்னால் போட்டோ எடு என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. திருகாணிகளைச் சுழற்றி மூடியை இழுத்தாள்.

போட்டோ எடுக்க ஒன்றுமே இல்லை.

ஆர், டபிள்யூ, ஜி என்று எழுத்துகள் இருந்தன. ஒயர் ஒன்றுகூட இல்லை. வெப்பம் காட்டும் முள்ளையும் யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

பனி அப்பிய பூட்ஸோடு அப்பா நின்றிருந்தார். கத்தவில்லை, கிசுகிசுத்தார். கண் முழுக்க அம்மாவின் மேல்.

"கரண்டை நிறுத்திட்டியா? அடிப்பாவி! வீடு ஆறிடப் போகுது. முதல்ல போய்ப் போடு, ஓடு!"

போட்டுவிட்டு வந்தவளைக் கையைப் பிடித்துக் கீழ்த்தளத்துக்கு இழுத்துப் போனார். அம்மா படி இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால், எல்லா ஒயரும் மாட்டி, இன்னொரு தெர்மோஸ்டாட் இருந்தது.

"எழுபத்தெட்டா? நீங்களா வச்சீங்க?" மார்னிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"சத்தம் போடாதே." கோட்டைக் கழற்றினார். பனியன் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"நல்ல காரியம்தானே? அதை ஏம்ப்பா திருட்டுத்தனமா செய்றீங்க? மேல எதுக்கு அந்த டம்மி?"

"உங்கம்மா திருகுறதுக்கு."

"ஏத்துறாங்களா?"

"இறக்குறா."

மார்னிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"கேள்வி கேக்காதே. உன் புதுசை இங்க மாட்டு. உன் போன்ல நீ மட்டும் பாரு. மேல பழசு அப்படியே இருக்கட்டும்."

கரண்டை ஐந்தே நிமிஷம் நிறுத்திவிட்டு, அவர் டார்ச் பிடிக்க, அவள் எழுத்து பார்த்து ஒவ்வொரு ஒயராக மாட்டினாள். கரண்டைப் போட்டதும் திரை பளிச்சென்று எரிந்து எழுபத்தெட்டு என்றது. வெர்லின் அவசரமாகச் சோப்புத் தூள் டப்பாவை எடுத்து அதன் முன்னால் வைத்தார்.

மேலே வந்து பழைய மூடியை மாட்டி முடிக்கவும் ஆர்டிஸ் கண் விழிக்கவும் சரியாக இருந்தது.

"அங்க என்னடி பண்றே?"

"தூசி தட்டுறேம்மா."

ஆர்டிஸ் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து அந்தத் திருகிடம் வந்தாள்.

"இதைப் பாருடி. போன குளிர்காலத்துல எழுபத்தஞ்சுல வச்சும் பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது. நான் தேற மாட்டேன்னே நினைச்சேன். இப்ப அறுபது! குளிரே தெரியலை. கொஞ்சம் கொஞ்சமா நானேதான் இறக்கிட்டு வரேன். என் உடம்பு தேறிட்டு வருதுடி, மார்னி."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அப்பாவை மனசுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து மார்னிக்கு வெட்கமாக இருந்தது.

ஆர்டிஸ் திருகை ஐம்பத்தெட்டுக்கு நகர்த்திவிட்டுக் கணவரைப் பெருமையாகப் பார்த்தாள்.

"என்ன வெர்லின், உனக்குத் தாங்குமா?"

நெற்றியில் வழிந்த வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வெர்லின் சொன்னார்:

"உனக்கென்ன, நீ தேறிட்டே. நான்தான் நடுங்கிச் சாகுறேன். அந்த ஸ்வெட்டரைக் கொஞ்சம் எடு!"