மாதம் ஒரு பதிவு

'உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இனி அவசரப் பதிவுகள் கிடையாது. மாதத்துக்கு ஒரே ஒரு பதிவு. அதுவும் ஆற அமர யோசித்த பிறகே. பொறுத்தருள்க. இப்படிக்கு, செஞ்சி துரைக்கண்ணு.'

இதை வலைப்பூவில் ஏற்றிய கையோடு, உலகத் தமிழர்கள் தவறவிட்டுவிடக் கூடாதே என்று வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் துரைக்கண்ணு. பகலெல்லாம் ஊராருக்காக எழுதி ஓய்ந்த விரல்களால், மூன்று வருடமாகத் தினம் ஒரு கட்டுரை. படித்தேன் என்று ஈ காக்கை கூடச் சொன்னதில்லை.

"மாசத்துக்கு ஒண்ணு எழுதுனா மட்டும் படிச்சிடுவாங்களாக்கும்?" என்றாள் மனைவி ஜெயஸ்ரீ, கீரை ஆய்ந்தபடி.

"ஏன் சார் கொறச்சிட்டீங்கன்னு ஒரே ஒருத்தர் கேக்கட்டும், அது போதும். யாருமே கேக்கலன்னா வலைப்பூவையே மூடிடறேன். அலுத்துப்போச்சு."

மறுநாள் காலை வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்புகள். முன்னால் நின்றவர் தொண்டூர் தைலம்மாள். கையில் மஞ்சள் பை, முகத்தில் தூங்காத களைப்பு.

"இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க? பொண்ணு போன்ல படிச்சிக் காட்டுச்சு. டென்ஷன்ல சோறு எறங்கல."

துரைக்கண்ணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "என் எழுத்து... உங்களுக்கு அவ்ளோ முக்கியமாம்மா?"

"பின்ன? நீங்க எழுதுனா ஒரு எழுத்து தப்பு இருக்காதுன்னு ஊரே சொல்லுது. உங்களை நம்பித்தானே இருக்கோம்."

பின்னாலிருந்து வல்லம் அடைக்கலராஜ் கும்பிட்டார். "வாரத்துக்கு ரெண்டாவது போடுங்க சார். மாசத்துக்கு ஒண்ணுன்னா நாங்க தாங்க மாட்டோம்."

துரைக்கண்ணு திரும்பி ஜெயஸ்ரீயை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்கிற பார்வை. அவள் கையில் கீரை அப்படியே நின்றிருந்தது.

பிறகு, மைக் முன்னால் நிற்பவர் போலக் கனைத்துக்கொண்டார். "உங்க அன்பு புரியுது. ஆனா எழுத்துன்னா ஊறணும். அவசரப்பட்டா அதுல ஆழம் இருக்காதும்மா."

தைலம்மாள் மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை உருவி அவர் கையில் திணித்தார்.

"மனைப் பத்திரத்துக்கு ஆழம் எதுக்கு சார்? நீங்க நீளம் அகலம் எழுதுனாப் போதும், பதிவு பண்ணிடுவாங்க."