சுவரில் இருந்தவர்கள்

“கிரகணத்தண்டைக்குக் கத்தி எடுக்காதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். கேட்டியே? பலாக்காய் வெட்டினாய். இப்ப பார், பிள்ளையின்ர விரலை!”

மாமியார் சிவமணி விடிந்ததிலிருந்து இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தா. குழந்தைக்கு இடக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிப் பிறந்திருந்தன.

சுபோதினி மெல்ல வாயைத் திறந்தாள். “டொக்டர் இது பரம்பரையில வாறதெண்டவர், மாமி. சின்ன ஒப்பரேஷனில பிரிக்கலாமாம்.”

“அப்ப உன்ர பரம்பரைதான்! எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை. இண்டைக்குப் பிள்ளையின்ர முப்பத்தோராம் நாள் சடங்கு முடியட்டும். பிள்ளையையும் கொண்டு யாழ்ப்பாணம் போய் உன்ர அம்மாவோட இரு.”

கணவன் சயந்தன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். அம்மா சொன்னால் சொன்னதுதான். நல்ல ஆம்பிளை!

பூசை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஹோலில் சுபோதினியும் குழந்தையும் தனிய. மேலே சுவரில் மாலை போட்ட படங்கள். எல்லாம் சயந்தன் கைக்குழந்தையாய் இருக்கும்போதே போய்ச்சேர்ந்த ஆட்கள்.

வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ரயில் ஒன்று போனது. ஃபிளாட் அதிர்ந்து படங்கள் ஆடின. சுபோதினி நிமிர்ந்து பார்த்தாள்.

ஒருவருக்கும் இடக்கை இல்லை!

மாமனாரின் வலக்கை மடியில் இருந்தது. இடக்கை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோட். அவருடைய அப்பாவுக்கு அந்த இடத்தில் சால்வை. மாமனாரின் அக்காவுக்குச் சீலைத் தலைப்பு. இவர்களுக்குக் கீழே இருந்துதானே இத்தனை நாளும் பால் கொடுத்தாள்! இப்போது எல்லாக் கண்களும் குழந்தையின் கையையே பார்ப்பதுபோல் இருந்தது.

‘ஐயோ முருகா, நான் செய்த பாவம் செத்தவையையும் பிடிச்சிட்டுதோ?’

குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் படம் பிடிக்க வந்த ரிப்கான் கமராவோடு உள்ளே வந்தான்.

“அக்கா, குழந்தையக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க. ஆ... அந்தக் கைய ஆட்டட்டும், விடுங்க. நல்லா இருக்கு.”

குசினிக்குள்ளிருந்து பாயசக் கரண்டியோடு ஓடிவந்தா மாமியார்.

“நில்லு தம்பி, எடுக்காதை!”

குழந்தையின் இடக்கையைத் துணிக்குள் திணித்துவிட்டு மருமகள் மேல் பாய்ந்தா.

“இதையும் சொல்லித்தரவேணுமே உனக்கு? மேல பார்! எங்கட ஆக்கள் எல்லாரும் இடக்கையை மறைச்சுத்தானே படம் எடுத்தவை!”