மிச்சம் நின்ற எலிகள்

எலி பொறியில் விழுவது நின்றுவிட்டது. அரிசி குறைவது நிற்கவில்லை.

மலாயாவில் கிள்ளான் ஆற்றோரம் ஒரு துரையின் அரிசிக் கிடங்கு. அங்கே கணக்கும் ஆட்களும் பார்க்கும் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்து வல்லிபுரம். அடுத்த கப்பல் அரிசியிலும் எடை குறைந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் எங்கே போய்ப் பார்ப்பது?

கிடங்கு ஆட்கள் நால்வரையும் வல்லிபுரம் வரிசையாக நிறுத்தினார்.

"ஏனடா ஒண்டும் விழேல்லை?"

"எலியே இல்லீங்கய்யா," என்றான் வேலாயுதம். "ஐயா வச்ச பொறிக்குப் பயந்து ஓடிப்போச்சு."

"ஆமாங்கய்யா," என்றார்கள் மற்ற மூவரும்.

"அப்ப மூட்டையைக் கடிக்கிறது ஆர்? நானோ?"

"ஐயா சொன்னாச் சரிதாங்க."

அன்று பிளேக் சோதனைக்கு வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஜெயராஜ் ஒரு பொறியைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இது, கிராணியாரே?"

"ஆறு. அதே பொறி, அதே கருவாடு. முதல் வருசம் நாளுக்கு நாப்பது விழுந்தது. இப்ப மோந்துகூடப் பாக்குதில்லை. எலிக்குப் புத்தி வந்திட்டுது."

"எந்த எலிக்கும் புத்தி வரல. கருவாட்டுக்கு ஓடியாந்ததை எல்லாம் கொன்னீங்க. சந்தேகப்பட்டு எட்ட நின்னது பொழச்சுது. அதுதான் குட்டி போட்டுச்சு. குட்டியும் தாய் மாதிரி. அதுலயும் ஏமாந்தது செத்துது, எட்ட நின்னது பெருகுச்சு. ஆறு வருஷத்துல எலிக்கு எத்தனை தலைமுறைன்னு பாருங்க. உலகத்துல உசுருங்க மாறுறதே இப்படித்தான். காட்டுல பசியும் நோயும் பொறி வைக்குது. இங்க நீங்க."

"நானோ இந்த எலியை வளர்த்தனான்?"

"வளர்க்கல. கழிச்சீங்க. கழிச்சது போக மிச்சம் நிக்கிறது இதுதான்." இன்ஸ்பெக்டர் சுவரைத் தட்டினார். "பொறியை வீசிட்டு ஓட்டையை அடைங்க. ஏன், உங்க ஆளுங்க ஒருத்தன்கூடச் சொல்லலியா?"

வல்லிபுரம் திரும்பி நால்வரையும் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாச் சரிதாங்க," என்றான் வேலாயுதம்.

"ஆமாங்கய்யா."

ஆறு வருஷத்தில் இந்தக் கிடங்கிலிருந்து பதினோரு பேர் போயிருந்தார்கள். அரிசி நனைந்திருக்கிறது என்றவன் போனான். தராசு சாய்கிறது என்றவன் போனான். பொறி இனி உதவாது என்றவனும் போனான். எல்லார் வேலைச் சீட்டையும் கிழித்தவர் வல்லிபுரம்தான்.

இன்னும் கொஞ்ச நேரம் அந்த நால்வரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

எட்டு நாளில் கிடங்கின் ஓட்டைகள் அடைபட்டன. அடுத்த கப்பல் அரிசியில் எடை குறையவில்லை. வேலை தப்பியது.

தகரமும் சுண்ணாம்பும் வைத்து முப்பது ஓட்டைகளை அடைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு பாக்கி. உங்க மேசைக்கு அடியிலதான். காலைத் தூக்குங்க" என்று கிராணியின் முகத்துக்கு நேரே சொன்னவன், வாய் நீளம் என்று போன வருஷம் அவரே விரட்டிவிட்ட தம்புசாமி.